பந்தய வண்டிக்கு எடை குறைத்த வருஷம்

வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரன், நின்றுபோனால் மெக்கானிக் மடையன். மோட்டார் ரிப்பேர் தொழிலில் நான் கண்ட சட்டம் இது ஒன்றுதான். ஸ்பானர் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை உங்களுக்கும் இருந்தால் நான் மேலே விளக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு முதலாளி இருந்திருப்பார். அவர் ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்லியிருப்பார். அது தப்பு என்று தெரிந்தும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. சொந்த ஊர் சேலம் டவுன். யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்து, நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளியிடம் மேஸ்திரியாகச் சேர்ந்தேன். முதலாளி பெயர் நாச்சிமுத்து. முப்பது வயசுகூட ஆகவில்லை. அப்பா விட்டுப்போன லாரிகளும் தோட்டமும் இருந்தன. மெட்ராஸில் காலேஜ் படித்தபோது கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர். சுதந்திரம் வந்த கையோடு ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து, இரண்டு பேர் உட்காரும் பழைய இங்கிலீஷ் வண்டி ஒன்றை வாங்கினார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

கடைசிக்கு முந்தின இடம்

மெட்ராஸுக்குப் பக்கத்தில் யுத்தத்துக்காகப் போட்டு, அப்புறம் யாரும் சீந்தாமல் கிடந்த விமான ஓடுதளம் ஒன்றில்தான் பந்தயம். சுதந்திரத்துக்கு மறு வருஷம் முதல் தடவையாகப் போனோம். வண்டியை ஓட்டியவன் எருமப்பட்டி கருப்பண்ணன். எங்கள் லாரி டிரைவர்களில் ஒருவன். ஸ்டியரிங்கில் இரண்டே விரல் வைத்து, கடலை மூட்டை ஏற்றிய லாரியை ஆத்தூர் ரோட்டு வளைவுகளில் திருப்புவான். கூடவே பீடியும் புகையும். அவன் கையில் இருந்த நிதானம் எனக்குத் தெரிந்து யாருக்கும் வாய்த்ததில்லை.

அன்றைக்கு ஒன்பது வண்டிகள் ஓடின. எங்களுடையது எட்டாவதாக வந்தது. வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினோம். உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினபோது, முதலாளியைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நமக்குப் பின்னால ஒருத்தன் இருந்தானுங்களே" என்று நான் சொல்லிவைத்தேன். கருப்பண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேர்மையாகச் சொன்னான்:

"அவன் வண்டி ரேடியேட்டர் ஒழுகி நடுவுல அரமணி நேரம் நின்னுச்சுங்க மேஸ்திரி. இல்லீன்னா நாமதான் கடைசிங்க."

கொட்டகையில் கூட்டம்

அடுத்த பந்தயம் தை மாசம். கையில் எட்டு மாசம் இருந்தது. முதலாளி லாரிக் கொட்டகையில் பெஞ்சு போடச் சொல்லி என்னையும் கருப்பண்ணனையும் உட்கார வைத்தார். அவர் கையில் சீமைப் பத்திரிகை ஒன்று. அதில் பந்தயக் கார்களின் படங்கள்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, இந்த வண்டியையே தட்டிக்கொட்டிச் சரி பண்ணுவது. இன்னொன்று, இதை எலும்பு வரைக்கும் பிரித்துப் புது வண்டியாகக் கட்டுவது. புதிதாகக் கட்டுவது என்று அவர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார். கூட்டம் எங்களுக்கு அதை அறிவிக்கத்தான். எஞ்சின் பழசு, அதன் சக்தியை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது, ஆகவே எடையைக் குறைக்கணும். ராத்தல் ராத்தலாகக் குறைக்கணும். அதுதான் அவருடைய திட்டம்.

எடையைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கருப்பண்ணன் போன பந்தயத்தில் ஒவ்வொரு வளைவிலும் மற்றவர்களுக்கு முன்பே பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். முதலில் பிரேக்கைச் சரி பண்ணுவோம், பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஜீப்புப் பிரேக் கிடைக்கிறது, அதை மாட்டலாம் என்றேன். முதலாளி பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, நிக்கறதுக்கா பந்தயம் வெக்கறாங்க?"

கடலை மண்டித் தராசு

வண்டியைப் பிரித்தோம். கதவுகள், மட்கார்டுகள், முன் விளக்கு, ஹாரன், மழைக்கூரை, பக்கத்து சீட்டு, கால்மிதிப் பலகை, எல்லாம் போயின. கழற்றிய ஒவ்வொன்றையும் எடை போட்டே ஆகணும் என்றார் முதலாளி. கொட்டகைக்குப் பக்கத்தில் கடலை மண்டி இருந்தது. சாக்கு மூட்டை தொங்கவிடும் பெரிய தராசில் மட்கார்டையும் கதவையும் தொங்கவிட்டு நிறுத்தோம். கடலை கொண்டுவந்த குடியானவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தார். நாலு மணங்குக்கு மேல், அதாவது நூறு ராத்தலுக்கு மேல் குறைந்தது என்று தெரிந்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மண்டியில் எடை போடுகிறவர் சென்னியப்பன் என்று ஒரு கிழவர். நாள் முழுக்க எங்களுக்குத் தராசு பிடித்து அலுத்துப்போயிருந்தார். கடைசிச் சாமானை இறக்கி வைத்துவிட்டு, ஓரமாக நின்ற கருப்பண்ணனை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

"இவனையும் கழட்டிப்போட்டா இன்னொரு அஞ்சு மணங்கு கொறையுமுங்களே சாமி."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

நனைந்த பஞ்சு

அப்போது பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். லாரிக்கு இவ்வளவு என்று சர்க்கார் அளந்து கொடுத்தது. பந்தய வண்டிக்கு எந்த சர்க்கார் கூப்பன் கொடுக்கும்? லாரிக்கு வந்த பெட்ரோலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். நான் சிலிண்டர் ஹெட்டை ராவி, அழுத்தத்தை ஏற்றியிருந்தேன். ரேஷன் பெட்ரோலுக்கு அது ஒத்துவரவில்லை. எஞ்சின் டொக்டொக்கென்று இடித்தது. மறுபடி கழற்றுவதும் மறுபடி மாட்டுவதும் மறுபடி ஓட்டுவதுமாக ஐப்பசி முழுக்க இதே வேலை. பெட்ரோல் போன இடம் தெரியவில்லை.

கெங்கவல்லியில் ஒரு சம்சாரி, பருத்தி எடுத்துக் களத்தில் அம்பாரமாகக் குவித்துவைத்து எங்கள் லாரிக்குக் காத்திருந்தார். லாரி போகவில்லை. பெட்ரோல் இல்லை. நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் அவரே பஸ் ஏறிக் கொட்டகைக்கு வந்தார். முதலாளி ஊரில் இல்லை. நான்தான் இருந்தேன், எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு. மனுஷன் சத்தம் போடவில்லை. துண்டு முடிச்சை அவிழ்த்து, கறுத்துக் கட்டி தட்டிப்போன பஞ்சை ஒரு கை அள்ளி மட்கார்டில்லாத சக்கரத்தின் மேல் வைத்தார். இந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார். பந்தயம் என்றால் என்ன என்று நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பொறப்பட்ட எடத்துக்கே சுத்திச் சுத்தி வர்ற வண்டிக்கு பெட்ரோல் இருக்குது, என் பஞ்ச சேலத்துல கொண்டுபோய்ப் போடத்தான் இல்லன்றீங்க."

நானே கழற்றியது

கார்த்திகையில் முதலாளி மறுபடியும் காகிதத்தை எடுத்தார். இன்னும் ஒன்றரை மணங்கு குறைக்கணும். வண்டியில் கழற்ற என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் குனிந்து முன் சக்கரத்தைக் காட்டினார்.

முன் சக்கரங்கள் இரண்டிலும் பிரேக் டிரம், கட்டை, அதற்குப் போகிற கம்பிகள், தாங்கிகள் எல்லாம் சேர்த்தால் அந்த எடை இருக்கும்தான். அவர் கணக்குச் சரி. "எங்கப்பன் காலத்து வண்டியில முன்னாடி பிரேக்கே கெடையாதுங்க. அதுல அவரு பத்து வருஷம் பழனிக்குப் போயிட்டு வந்தாரு" என்றார். பழனிக்குப் போவது வேறு, பந்தயத்தில் போவது வேறு என்று சொன்னேன். வண்டியை நிறுத்தும் சக்தியில் பாதிக்குமேல் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, பின் பிரேக்கை மட்டும் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும் என்று தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "பயந்தா ஆகுமுங்களா மேஸ்திரி? உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, சேலத்துல வேற ஆளு இருக்காங்க" என்றார்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரிங்க" என்றேன். வேறு ஆளிடம் விடவும் மனசில்லை. நான் கட்டிய வண்டி. நானே மல்லாந்து படுத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி எடுத்தேன். கருப்பண்ணன் பக்கத்தில் குந்திக்கொண்டு நட்டுகளை வாங்கி வைத்தான். "உனக்கு இது பரவாயில்லையாப்பா?" என்று கேட்டேன். அவன் முகத்தில் யோசனையே வரவில்லை.

"நீங்க மாட்டுனா மாட்டுனதுங்க, கழட்டுனா கழட்டுனதுங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

ஆட்டு மந்தை

வெள்ளோட்டத்துக்கு சேந்தமங்கலம் ரோட்டில், மாட்டு வண்டிகள் கிளம்பும் முன்பு விடியற்காலையில் போனோம். பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு அந்த வண்டி ஓடிய ஓட்டம் போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எடை குறைந்த வண்டி காற்றில் விட்ட காகிதம் மாதிரி போயிற்று. எஞ்சின் இடிப்பும் போய்விட்டது. முதலாளி சின்னப்பிள்ளை மாதிரி ரோட்டோரத்தில் குதித்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

மூன்றாவது ஓட்டத்தில் ஒரு செம்மறியாட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. கருப்பண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். பிரேக்கை மிதித்தான். பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டியின் வால் ஒரு பக்கம் வீசியது. உடனே பிரேக்கை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, சோளக்காட்டுக்குள் வண்டியை இறக்கினான். ஆடு ஒன்றுக்கும் சேதமில்லை. அவனுக்கும் இல்லை. தலையில் சோளத்தட்டோடு சிரித்துக்கொண்டே இறங்கினான். வேறு டிரைவராக இருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

நான் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையிலேயே பிடித்துக்கொண்டேன், கெஞ்சினேன். முன் பிரேக்கை மாட்டிவிடலாம், இன்னும் ஒரு மாசம் இருக்கிறது என்றேன். முதலாளி சோளக்காட்டைப் பார்த்தார், மந்தையைப் பார்த்தார், என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"பந்தயத்துல ஆடு குறுக்க வராதுங்க மேஸ்திரி."

கதவில்லாத வண்டி

மெட்ராஸுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கருப்பண்ணனின் சம்சாரம் பாவாயி, எருமப்பட்டியிலிருந்து கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கருப்பண்ணன் டயர் வாங்கச் சேலம் போயிருந்தான். சோற்றை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "இதுதானுங்களாண்ணா அந்த வண்டி?" என்றாள். ஆமாம் என்றேன். புதிதாகத் தகரம் அடித்து, பச்சை வர்ணம் பூசி, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கண்காட்சி காட்டுகிறவன் மாதிரி நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது எஞ்சின், இது சீட்டு, இதில்தான் உன் வீட்டுக்காரர் உட்காருவார்.

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். சீட்டுக்குப் பக்கத்தில், கதவு இருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தாள். கதவு எங்கே என்று கேட்டாள். எடைக்காகக் கழற்றிவிட்டோம் என்றேன். முன் பிரேக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புறப்படும்போது சொன்னாள்:

"ஆட்டப் பட்டியில அடைச்சாக்கூட ஒரு படல வெச்சு மறைப்பாங்க. மனுசன் உக்கார்ற எடத்துக்கு ஒண்ணுமே இல்லீங்களேண்ணா."

எட்டாவது சுற்று

பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். வளைவுகளில் தார்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் வண்டியைக் குனிந்து சோதிக்கிறவர்கள் யாரும் இல்லை. பேரை எழுதிக்கொண்டு நம்பரை ஒட்டிவிட்டார்கள்.

நேர்ப் பாதையில் எங்கள் வண்டிக்கு ஈடாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கருப்பண்ணன் நேர்ப் பாதையில் இரண்டு வண்டிகளைத் தாண்டுவான். வளைவு வரும்போது மற்றவர்களுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை மிதிக்க வேண்டியிருப்பதால் ஒன்றை விட்டுக்கொடுப்பான். இப்படியே ஏறி ஏறி ஏழாவது சுற்றில் இரண்டாவதாக வந்துவிட்டான். நான் கரும்பலகையில் இரண்டு என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். முதலாளி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

எட்டாவது சுற்றில், முன்னால் போன வண்டியை விடக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, வழக்கமாக மிதிக்கும் இடத்தில் மிதிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி மிதித்தான். பின் சக்கரங்கள் பூட்டின. நான் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டியது போலவே வண்டி குறுக்கே திரும்பியது. பக்கவாட்டாகப் போய் பீப்பாய்களில் மோதி ஒருமுறை புரண்டது. கதவு இருந்திருந்தால் உள்ளேயே இருந்திருப்பான். பாதி வெளியே விழுந்துவிட்டான். வண்டி அவன் வலது கால்மேல் கிடந்தது.

ஓடினேன். வேறு வண்டிக்காரர்களின் ஆட்களும் ஓடிவந்தார்கள். எல்லாருமாக வண்டியைத் தூக்கி அவனை இழுத்தெடுத்தோம். தலைகீழாகக் கிடந்த வண்டியின் முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் மெக்கானிக் ஒருவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, முன் வீல்ல பிரேக்கையே காணோம்?"

வாக்குமூலம்

ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் நோட்டுப் புஸ்தகத்தோடு வந்தார். அந்த மெக்கானிக் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் முதலாளி, இன்னொரு பக்கம் நான். பிரேக்கைக் கழற்றியது யார் என்று போலீஸ்காரர் கேட்டார்.

சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குள் தலையணையிலிருந்து குரல் வந்தது. கண்களை மூடியபடியே, பாடம் ஒப்பிப்பது போல, கருப்பண்ணன் சொன்னான்:

"நாந்தானுங்க சாமி கழட்டுனேன். எனக்கு முன்பிரேக்கு புடிக்காதுங்க. மேஸ்திரி வேண்டாம் வேண்டாம்னாருங்க."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பி "சரிதானா?" என்றார். நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"சரி, அப்ப கேஸ் ஒண்ணும் இல்ல" என்று நோட்டை மூடினார்.

அடுத்த வருஷத் திட்டம்

நாமக்கல் வந்து சேர்ந்த வண்டியைக் கொட்டகை மூலையில் போட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினேன். அத்தோடு பந்தயப் பேச்சு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். பங்குனி வரை ஒழிந்துதான் இருந்தது.

பங்குனிக் கடைசியில் முதலாளி மறுபடியும் பெஞ்சு போடச் சொன்னார். இந்தத் தடவை பெஞ்சில் நான் ஒருத்தன்தான். கருப்பண்ணனை லாரிக் கொட்டகைக்கே வாட்ச்மேனாக வைத்துக்கொண்டிருந்தார். அவன் கேட்டோரம் ஸ்டூலில், கக்கத்துக்கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பேசுவது அவனுக்குக் கேட்கிற தூரம்தான். முதலாளி குரலைத் தாழ்த்தவும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தவன். அதே மனுஷன் பத்திரிகையை விரித்து, உற்சாகமாக, என் யோசனையை என்னிடமே சொன்னார்:

"போன பந்தயத்துல ஒரு பாடம் படிச்சோமுங்க மேஸ்திரி. இந்தத் தடவ நாலு சக்கரத்துக்கும் ஜீப்புப் பிரேக்கு மாட்டிப்போடலாமுங்க."

சாமியார் கேட்ட கேள்வி

அன்றே வேலையை விட்டுவிட்டுச் சேலம் போய்விட்டேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை. சொல்லாததை வைத்தே என் மனைவி பிலோமினா பாதியைப் புரிந்துகொண்டாள். பெரிய வியாழனுக்கு முன் எல்லாரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்யப் போவது வழக்கம். நானும் போய் முழங்காலிட்டேன்.

எங்கள் பங்குச் சாமியாருக்கு மோட்டார் என்றால் ஒன்றும் தெரியாது. சைக்கிளில்தான் போவார். ஆகவே நான் முதலில் பிரேக் என்றால் என்ன, முன் பிரேக் எது, பின் பிரேக் எது என்றெல்லாம் விளக்க வேண்டியதாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். போலீஸ்காரரிடம் வாயைத் திறக்காததையும் சொன்னேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. புரியாத பாடத்தைச் சந்தேகம் கேட்கிறவர் போலக் கேட்டார்:

"அது இல்லேன்னா வண்டி நிக்காதுன்னு உனக்குத் தெரியும்ங்கிறே. அப்புறம் ஏம்ப்பா கழட்டினே?"

எருமப்பட்டி

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான், வைகாசியில் ஒருநாள் எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கருப்பண்ணன் கொட்டகையில் டூட்டியில் இருக்கிற பகல் நேரமாகப் பார்த்தே போனேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாவாயி வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முன் பிரேக்கை உன் புருஷன் கழற்றவில்லை, நான்தான் கழற்றினேன். முதலாளி சொன்னார், ஆனாலும் கழற்றிய கை என்னுடையது. போலீஸில் அவன் சொன்னது பொய். அவனைத் தவிர, அது பொய் என்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் நான்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியுங்கண்ணா" என்றாள். போலீஸ்காரர் வருவதற்கு முன்பே, அன்று காலையிலேயே முதலாளி வந்து, கட்டிலில் உட்கார்ந்து கெஞ்சினாராம். கேஸானால் மேஸ்திரி உள்ளே போவார், கொட்டகையை மூடவேண்டி வரும், நீ ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் தப்பிப்போம், உனக்கு ஆயுசுக்கும் வேலை என்று சொன்னாராம். கருப்பண்ணன் ஒத்துக்கொண்டானாம்.

"அப்ப என்னைக் காப்பாத்தறதுக்காகவும்தான் சொன்னானா?" என்று கேட்டேன். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

"ஆமாங்க" என்றாள். ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, செம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அவரு சொல்லிமுடிச்ச ஒடனே நீங்க குறுக்க பூந்து, இல்லீங்க, நாந்தான்னு சொல்லிப்போடுவீங்கன்னு நெனச்சாராம்ணா. காலு போனதுக்குக்கூட அவரு அழுவலீங்க, நீங்க பக்கத்துல நின்னுட்டு சும்மா இருந்ததச் சொல்லித்தான் அழுதாருங்க."

அதற்கப்புறம் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தேன், எந்த வண்டியையும் வேகமாக ஓடவைக்கத் துப்பில்லாத மேஸ்திரி என்று பேர் எடுத்தேன், அந்தப் பேர் கெட்டுவிடாமல் பார்த்துக்கொண்டது ஒன்றுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த காரியம்.